எல்க்ஹார்ன் கழியில் கயாக்: நீர்நாய் நம்மைக் கவனிக்காத தூரம்

கலிபோர்னியாவில் சான்டா குரூஸுக்கும் மான்டரேக்கும் நடுவே, மான்டரே விரிகுடாவின் வளைவு மையத்தில், மாஸ் லேண்டிங் என்ற சிறிய மீன்பிடித் துறைமுகம் இருக்கிறது. நெடுஞ்சாலை எண் 1-இல் வரும்போது பழைய மின்நிலையத்தின் இரட்டைப் புகைபோக்கிகள் வெகு தூரத்திலிருந்தே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தத் துறைமுகத்தில் வந்து சேரும் உப்பங்கழிதான் எல்க்ஹார்ன் ஸ்லூ. நிலத்துக்குள் ஏழு மைல் வரை நீள்கிறது. கடல் நீர்நாய்களைக் கயாக்கில் உட்கார்ந்து பார்க்க அமெரிக்க மேற்குக் கரையில் இதைவிட எளிதான இடம் கிடைப்பது கடினம். சான் ஹோசே, ஃப்ரீமாண்ட், சன்னிவேல் பக்கம் இருக்கும் தமிழ்க் குடும்பங்கள் காலையில் கிளம்பி மாலைக்குள் வீடு திரும்பிவிடலாம்.

இதுவரை துடுப்பே பிடிக்காதவர்களுக்காக இந்த அத்தியாயம். வழிகாட்டியுடன் செல்லும் இரண்டரை முதல் மூன்று மணி நேரப் பயணத்துக்கு எப்படித் தயாராவது, எதைப் பார்ப்பது, எங்கே கையை அடக்கிக்கொள்வது என்று வரிசையாகப் பார்ப்போம். இரண்டு விதிகளை மனத்தில் வைத்தால் மற்றவை தானாகப் பிடிபடும். தண்ணீர் போகும் திசையில் போக வேண்டும். எந்த விலங்கும் நம்மைக் கவனிக்காதபடி போக வேண்டும்.

ஏன் திறந்த கடல் வேண்டாம்

மாஸ் லேண்டிங் துறைமுக வாயிலுக்கு மிக அருகிலேயே மான்டரே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. ஆழத்திலிருந்து ஏறிவரும் குளிர்ந்த, சத்து மிகுந்த நீர்தான் இந்த விரிகுடாவுக்கு இத்தனை உயிர்களை அழைத்துவருகிறது. கூன்முதுகுத் திமிங்கிலங்கள் கரையை ஒட்டி மேய வருவதும் அதனால்தான். கயாக்கில் போய்த் திமிங்கிலம் பார்க்கும் ஆசை வருவது இயல்பு. 2015 செப்டம்பரில் இந்த வாயிலுக்கு வெளியே ஒரு கூன்முதுகுத் திமிங்கிலம் துள்ளி எழுந்து, இருவர் அமர்ந்திருந்த கயாக்கின் மேலேயே விழுந்தது. இருவரும் உயிர் தப்பினார்கள். அவர்களில் ஒருவரான டாம் மஸ்டில் பிறகு திமிங்கிலங்களின் மொழியைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

அப்படி நடப்பது அபூர்வம். ஆனால் அலை, குளிர், திடீர்க் காற்று இவை மூன்றும் அங்கே அன்றாடம். ஆகவே முதல் பயணத்தைக் கழிக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். திமிங்கிலம் பார்க்கப் பெரிய படகு இருக்கிறது.

நாளும் நேரமும்: முதலில் காற்று, பிறகு ஓதம்

விடுமுறை நாளைப் பார்த்துப் பதிவு செய்வதுதான் எல்லோரும் செய்வது. நாளுடன் சேர்த்து நேரத்தையும் பாருங்கள்.

பகலில் உள்நாட்டில் சாலினாஸ் பள்ளத்தாக்கு வெயிலில் சூடேறுகிறது. அங்கே காற்று மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்காற்று வீசத் தொடங்குகிறது. காலை எட்டு ஒன்பது மணிக்குக் கண்ணாடி போல் கிடக்கும் கழி, மதியத்துக்கு மேல் மேற்கு, வடமேற்குக் காற்றில் குறுஅலை கிளம்பிக் குலுங்கும். துறைமுகம் இருப்பது கழியின் மேற்கு முனையில். திரும்பும்போது அந்தக் காற்று நேரே முகத்தில் அடிக்கும். கை சோர்ந்த நேரத்தில் எதிர்காற்றில் துடுப்புப் போடுவதைவிட, அரை மணி நேரத் தூக்கத்தை விட்டுவிட்டுக் காலைப் பயணத்தைப் பதிவு செய்வது நல்லது. வசந்த காலத்தில் இந்தக் காற்று இன்னும் கடுமையாக இருக்கும்.

அடுத்தது ஓதம். இங்கே ஒரு நாளில் இரண்டு ஏற்றம், இரண்டு வற்றம். அளவு ஒன்றுபோல் இருக்காது. நேரமும் நாளுக்கு ஐம்பது நிமிடம் போலத் தள்ளிப்போகும். 1940-களின் பிற்பகுதியில் துறைமுகத்துக்காகக் கழிக்கு நேரே புதிய கடல் வாயில் வெட்டப்பட்டது. அதிலிருந்து ஓத நீர் வேகமாக ஏறி வேகமாக வடிகிறது. நீர் வடியும் வேகம் உச்சத்தில் இருக்கும்போது நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் ஓடும் நீரை எதிர்த்துப் புதியவர்களால் முன்னேற முடியாது.

நல்ல திட்டம் இதுதான்: நீர் ஏறும்போது அதனுடன் உள்ளே போய், ஏற்றம் முடிந்து நீர் திரும்பும் நேரத்தில் அதனுடனேயே வெளியே வருவது. உச்ச ஏற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்பினால் கணக்குச் சரியாக வரும். கோடையில் மிகத் தாழ்ந்த வற்றங்கள் பெரும்பாலும் விடியற்காலையில் விழுகின்றன. அதன் பின் நீர் ஏறும் காலை நேரம், காற்றும் எழாத நேரம். குளிர்காலத்தில் ஆழ்ந்த வற்றம் பிற்பகலுக்கு நகர்ந்துவிடும். அந்த நாட்களில் தாமதமாகக் கிளம்புகிறவர்கள் சேற்றில் சிக்குவார்கள்.

பருவத்தைப் பொறுத்தவரை நீர்நாய்கள் ஆண்டு முழுவதும் உண்டு. சீல் குட்டிகளைப் பார்க்க மார்ச் முதல் மே வரை. கரைப்பறவைகள் கூட்டமாக வருவது இலையுதிர் காலம் தொடங்கி ஏப்ரல் வரை. வானம் தெளிந்து, காற்று சற்றே அடங்கியிருப்பது செப்டம்பர், அக்டோபரில். ஜூன், ஜூலைக் காலைகளில் மூடுபனி கவிந்திருக்கும். கலிபோர்னியா வெயிலை நம்பி மெல்லிய சட்டையுடன் வந்து நடுங்குகிறவர்கள் அப்போதுதான் அதிகம்.

வழிகாட்டியைத் தேர்ந்தெடுக்கும்போது கேட்க வேண்டியவை

துறைமுகத்தில் கயாக் வாடகைக்குத் தருபவர்களும் வழிகாட்டியுடன் அழைத்துச் செல்பவர்களும் இருக்கிறார்கள். முதல் முறை என்றால் வழிகாட்டியுடன் போங்கள். பதிவு செய்யும் முன் இவற்றைக் கேளுங்கள்:

- ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்?
- கிளம்பும் நேரம் அன்றைய ஓதத்தைப் பார்த்து வைக்கப்பட்டதா, தினமும் ஒரே நேரமா?
- கவிழ்ந்தவரை நீரில் மீட்கும் பயிற்சி வழிகாட்டிக்கு உண்டா?
- வெட்சூட், காற்றுத் தடுப்புச் சட்டை வாடகையில் சேர்த்தியா?
- காற்று கூடினால் பயணத்தைத் தள்ளிவைப்பார்களா? பணம் திரும்பக் கிடைக்குமா?
- நீர்நாய்க்கு எவ்வளவு பக்கத்தில் கொண்டுபோவீர்கள்?

கடைசிக் கேள்விதான் உரைகல். “கை நீட்டினால் தொடலாம்” என்று யாராவது பெருமையாகச் சொன்னால் அங்கே பதிவு செய்யாதீர்கள். “ஐந்து கயாக் நீளம் தள்ளித்தான் நிற்போம்” என்று சொல்பவரிடம் போங்கள்.

நீச்சல் தெரியாதவர்கள் அதைப் பதிவின்போதே சொல்லிவிட வேண்டும். லைஃப் ஜாக்கெட்டுடன், அமைதியான நீரில், இரட்டைக் கயாக்கில் பலர் போய்வருகிறார்கள். ஆனாலும் யாரை எங்கே உட்கார வைப்பது என்பதை வழிகாட்டி முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியிருக்கும். முதுகுவலி, தோள்வலி, இதய மருந்து எடுப்பவர்களும் மறைக்காமல் சொல்லுங்கள்.

உடையும் பையும்

இங்கே கடல்நீரின் வெப்பநிலை பெரும்பாலும் 10 முதல் 15 டிகிரி செல்சியஸ். வெளியே வெயில் அடித்தாலும் விழப்போவது இந்த நீரில்தான். அந்தக் கணக்கில் உடுத்துங்கள்.

பருத்தி வேண்டாம். நனைந்தால் காயாது, உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும். ஜீன்ஸ் அதைவிட மோசம். விளையாட்டுக்கான பாலியெஸ்டர் சட்டை, மேலே கம்பளி அல்லது ஃபிளீஸ், அதற்கு மேல் காற்றுத் தடுப்புச் சட்டை. காலில் நனைந்தாலும் பரவாயில்லாத செருப்பு. குதிகால் பட்டை இருக்க வேண்டும், இல்லையென்றால் சேறு பிடுங்கிக்கொள்ளும். தாடைக் கயிறு உள்ள தொப்பி, கயிறு கட்டிய மூக்குக் கண்ணாடி. மாற்றுடை ஒரு செட்டைக் காரில் விட்டுச் செல்லுங்கள்.

லைஃப் ஜாக்கெட் தளர்வாக இருந்தால் பயனில்லை. போட்ட பின் வேறொருவரைத் தோள்பட்டையைப் பிடித்து மேலே இழுக்கச் சொல்லுங்கள். காது வரை ஏறினால் இன்னும் இறுக்க வேண்டும். 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சிறு படகில் லைஃப் ஜாக்கெட் அணிந்தே தீர வேண்டும் என்பது கலிபோர்னியச் சட்டம். பெரியவர்களும் கழற்றாதீர்கள்.

தண்ணீர் புகாத பையில் கைபேசி, குடிநீர், சன்ஸ்க்ரீன். தொலைநோக்கி இருந்தால் 7 அல்லது 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் ஆடும் கயாக்கில் படம் நிற்காது. இன்னொன்று: கிளம்பும் முன் கழிப்பறைக்குப் போய்விடுங்கள். நடுவில் கரையிறங்க இடம் கிடைப்பது அரிது.

கரையில் பத்து நிமிடப் பாடம்

புதியவர்களுக்குத் தருவது பெரும்பாலும் மேலே உட்காரும் வகைக் கயாக். அகலமானது, எளிதில் கவிழாது, கவிழ்ந்தாலும் நீர் நிரம்பி மூழ்காது. இருவர் போகும் கயாக்கில் கனமானவர் பின்னால் உட்கார்வது வழக்கம். முன்னால் இருப்பவர் தாளத்தைத் தீர்மானிப்பார். பின்னால் இருப்பவர் அதைப் பின்பற்றித் திசையைப் பார்த்துக்கொள்வார். இருவரும் கட்டளையிடத் தொடங்கினால் கயாக் வட்டமடிக்கும். கணவன் மனைவியைத் தனித்தனிக் கயாக்கில் ஏற்றிவிடும் வழிகாட்டிகள் காரணமில்லாமல் அப்படிச் செய்வதில்லை.

துடுப்பைத் தோளகலத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பிடியுங்கள். இறுகப் பற்ற வேண்டாம். கையால் மட்டும் இழுத்தால் அரை மணியில் தோள் நோகும். இடுப்பிலிருந்து உடம்பைத் திருப்பி இழுங்கள். பாதத்துக்குப் பக்கத்தில் துடுப்பு நீரில் இறங்கி, இடுப்புக்குப் பக்கத்தில் வெளியே வர வேண்டும். வலப்பக்கம் திரும்ப இடப்பக்கம் அகன்ற அரைவட்டமாகத் துழாவுங்கள். நிற்கப் பின்னோக்கித் துழாவுங்கள். பின்னோக்கித் துழாவுவதை நன்றாகப் பழகிக்கொள்ளுங்கள். முன்னால் திடீரென்று ஒரு நீர்நாய் தலை தூக்கினால் அதுதான் கைகொடுக்கும்.

கவிழ்ந்துவிட்டால்: முதல் நிமிடம் குளிரில் மூச்சு திணறும். அது அடங்கும் வரை ஒன்றும் செய்யாமல், கயாக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விடுங்கள். கயாக்கை விட்டுக் கரைக்கு நீந்தாதீர்கள். ஆழம் குறைவு என்று சேற்றில் காலூன்றி நிற்கவும் முயலாதீர்கள். முழங்கால் வரை இறங்கும். வழிகாட்டி வந்து கயாக்கை நிமிர்த்திப் பிடித்ததும், பக்கவாட்டில் வயிறு படப் படுத்து ஏறி, பிறகு திரும்பி உட்காருங்கள்.

பாதை: எங்கே யார் இருப்பார்கள்

*வடக்குத் துறைமுகம்.* இறங்கியதுமே நீர்க்காகங்களும் கூழைக்கடாக்களும் தென்படும். மிதவைப் பலகைகளில் கூச்சலிட்டபடி படுத்திருப்பவை கடற்சிங்கங்கள். வெளியே நீட்டிய சிறு காதுமடல், முன்துடுப்பை ஊன்றி நிமிர்ந்து நடக்கும் பழக்கம் இரண்டும் அவற்றின் அடையாளம். துறைமுகப் பக்கத்தில் ஆண் நீர்நாய்கள் கூட்டமாக மல்லாந்து மிதந்து உறங்குவதைப் பெரும்பாலும் காணலாம்.

பழுப்புக் கூழைக்கடா உயரத்திலிருந்து தலைகீழாக நீரில் பாய்ந்து மீன் பிடிக்கும். டிடிடி பூச்சிமருந்தால் முட்டையோடு மெலிந்து, அடைகாக்கும்போதே உடைந்து, இந்த இனம் அழியும் நிலைக்குப் போனது. 1972-இல் அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது. 2009-இல் இப்பறவை ஆபத்துப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பாயாமல் நீரில் மிதந்தபடியே கூட்டாக மீனை வளைத்துப் பிடிப்பது வெள்ளைக் கூழைக்கடா. இரண்டையும் ஒரே காலையில் பார்க்கலாம்.

*பாலம்.* நெடுஞ்சாலைப் பாலத்துக்கு அடியில் நீர் ஒடுங்கி விசையெடுக்கும். வழிகாட்டி சொல்லும் பக்கமாக, பேச்சை நிறுத்திவிட்டு, தொடர்ந்து துடுப்புப் போட்டுக் கடந்துவிடுங்கள்.

*உப்புச் சதுப்பு.* பாலம் தாண்டினால் இருபுறமும் உமரியின் உறவுச் செடிகள் மூடிய தாழ்ந்த கரை. இலையுதிர் காலத்தில் செந்நிறம் கொள்ளும். வற்றத்தில் வெளிப்படும் சேற்றுத்திட்டுகளில் கோட்டான், மூக்கான், உள்ளான் இனங்கள் அலகால் குத்திக் குத்தி இரை தேடும். அலகின் நீளத்தைப் பாருங்கள்: ஒவ்வொன்றும் வேறு வேறு ஆழத்துப் புழுவை எடுப்பதால்தான் ஒரே திட்டில் இத்தனை இனங்கள் சேர்ந்து மேய முடிகிறது. இந்தக் கழியில் 340-க்கும் மேற்பட்ட பறவையினங்கள் பதிவாகியிருக்கின்றன. 2018-இல் இது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது.

*சீல் வளைவு.* கழி வளையும் இடத்தில் சேற்றுக்கரையில் சீல்கள் வரிசையாகப் படுத்திருக்கும். காதுமடல் இல்லை, நிலத்தில் நடக்கத் தெரியாமல் வயிற்றால் உந்தி நகரும். சீல் கரையேறுவது சும்மா அல்ல. உடம்பைச் சூடேற்றவும், களைப்பாறவும், குட்டிக்குப் பால் கொடுக்கவும். பயந்து நீரில் குதித்தால் அத்தனையும் கெடும். இந்தப் பகுதியின் கடற்புல் படுகைகளிலும் கிளை ஓடைகளிலும் குட்டியுடன் தாய் நீர்நாய்கள் இருக்கும். பயணத்தின் உச்சம் இதுதான். பெரும்பாலான குழுக்கள் இங்கிருந்தோ சற்றுத் தள்ளியோ திரும்பிவிடும்.

நீர்நாயை எப்படிப் பார்ப்பது

சீலுக்கும் திமிங்கிலத்துக்கும் தோலுக்கடியில் கொழுப்புப் படலம் உண்டு. நீர்நாய்க்கு அது இல்லை. குளிரைத் தாங்க அதனிடம் இருப்பவை இரண்டே: ஒரு சதுர அங்குலத்தில் பத்து லட்சம் வரை முடி கொண்ட ரோமம், ஓயாத பசி. நாளொன்றுக்குத் தன் எடையில் கால்பங்கு வரை தின்றாக வேண்டும். அந்த ரோமமே அதற்கு எமனாகவும் ஆனது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் தோலுக்காக வேட்டையாடி ஏறத்தாழ ஒழித்தேவிட்டார்கள். 1911-இல் பன்னாட்டு ஒப்பந்தம் பாதுகாப்புத் தந்தபோது கலிபோர்னியாவில் பிக் சர் கரையோரம் ஒரு சிறு கூட்டமே மிஞ்சியிருந்தது. 1938-இல்தான் அது வெளியுலகுக்குத் தெரிந்தது. இன்று கலிபோர்னியா முழுவதிலும் ஏறக்குறைய 3,000 இருக்கின்றன.

மான்டரே விரிகுடா மீன்காட்சியகம் தாயிழந்த குட்டிகளை வளர்ப்புத் தாய்களிடம் பழக்கி இந்தக் கழியில் விட்டது. இங்கே கூடிய எண்ணிக்கையில் பாதிக்கு மேல் அந்தக் குட்டிகளாலும் அவற்றின் வாரிசுகளாலும் வந்ததென்று 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. வந்தவை கழியையும் மாற்றின. நீர்நாய்கள் நண்டைத் தின்பதால், நண்டுக்கு இரையாகும் சிறு மேய்ச்சல் உயிர்கள் பெருகி, கடற்புல்லை மூடும் பாசியைத் துடைத்தன, கடற்புல் பரவியது. கரையைக் குடைந்து வேரைத் தின்னும் நண்டுகள் குறைந்ததால், நீர்நாய்கள் மிகுந்த ஓடைகளில் மண்ணரிப்பும் வெகுவாக மட்டுப்பட்டது என்று 2024-இல் ‘நேச்சர்’ இதழில் வந்த ஆய்வு கூறுகிறது. வேகமாக வடியும் ஓதம் அரிக்கும் கரைக்கு அவை ஒரு காவல்.

ரோமமும் பசியுமாகக் குளிரைத் தாங்கும் அந்தக் கணக்கை வைத்துப் பார்த்தால் தூரம் ஏன் முக்கியம் என்று புரியும். உறங்கும் நீர்நாய் நம்மால் விழித்து மூழ்கினால், சேமித்த சூட்டைச் செலவழிக்கிறது. அதை ஈடுகட்ட இன்னும் சில நண்டுகளைத் தேட வேண்டும். பாலூட்டும் தாய்க்கு அந்தக் கையிருப்பும் கிடையாது. ஒரு நாளில் எத்தனை கயாக் அந்த வழியே போகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

- நீர்நாயிடமிருந்து குறைந்தது 60 அடி. கயாக் நீளத்தில் ஐந்து.
- சீல், கடற்சிங்கத்திடமிருந்து குறைந்தது 50 கெஜம்.
- நேராக அதை நோக்கிப் போகாதீர்கள். பக்கவாட்டில், ஒருவர் பின் ஒருவராக, நிற்காமல் கடந்து போங்கள்.
- சூழ்ந்து நிற்காதீர்கள். அது விலகிப்போக ஒரு பக்கம் திறந்திருக்கட்டும்.
- தலை தூக்கி உங்களைப் பார்த்தால் ஏற்கெனவே நெருங்கிவிட்டீர்கள். மெல்லப் பின்வாங்குங்கள்.
- உணவு போடாதீர்கள். ட்ரோன் பறக்கவிடாதீர்கள்.

கடல் பாலூட்டிகளைத் தொல்லை செய்வது 1972-ஆம் ஆண்டுப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நீர்நாயே உங்களை நோக்கி வந்தாலும் கை நீட்டாமல் நகர்ந்துவிடுங்கள். 2023-இல் சான்டா குரூஸில் 841 என்ற எண்ணிட்ட பெண் நீர்நாய், அலைச்சறுக்குப் பலகைகளில் ஏறிப் பறித்துச் செய்தியானது. எல்லோரும் சிரித்தார்கள், அதிகாரிகளோ அதைப் பிடித்துக் கடலிலிருந்து அகற்றப் பல நாள் முயன்றார்கள். மனிதரிடம் பயம் விட்டுப்போன விலங்குக்கு முடிவு பெரும்பாலும் அதுதான்.

குட்டி தனியே மிதந்து கத்தினால் அனாதை என்று நினைக்க வேண்டாம். குட்டியின் ரோமத்தில் காற்று நிறைந்திருப்பதால் அது மூழ்காது. தாய் அதை மேலே விட்டுவிட்டு இரை தேடக் கீழே போயிருக்கும். நாம் நடுவில் நின்றால் தாயால் திரும்பி வர முடியாது. சந்தேகம் இருந்தால் வழிகாட்டியிடம் சொல்லுங்கள், அவர் பார்த்துக்கொள்வார்.

நல்ல காட்சி கிடைக்க ஒரு வழி உண்டு. தூரத்தில் துடுப்பை மடியில் வைத்து, ஓதம் உங்களைக் கொண்டுபோகும்படி விட்டுவிட்டுக் காதைத் தீட்டுங்கள். மார்பில் வைத்த கல்லில் நீர்நாய் சிப்பியை மோதும் ‘டக் டக்’ ஒலி கேட்கும். விரட்டிப் போகிறவர்களுக்கு மூழ்கும் முதுகு மட்டுமே தெரியும். ஒதுங்கி மிதப்பவர்களுக்கு உடைப்பது, தின்பது, உருண்டு கழுவுவது, ரோமம் கோதுவது எல்லாம் வரிசையாகக் கிடைக்கும்.

கயாக்கில் ஏற முடியாதவர்களுக்கு

ஊரிலிருந்து வந்திருக்கும் அப்பா அம்மாவைக் கரையில் காக்க வைக்க வேண்டாம். இதே கழியில் தட்டையான மோட்டார் படகில் உட்கார்ந்தபடி பார்க்கும் பயணங்களும் உண்டு. 1979-இல் அமைந்த எல்க்ஹார்ன் கழி தேசிய ஆய்வுக் காப்பகத்தில் பார்வையாளர் மையமும் நடைபாதைகளும் இருக்கின்றன. திறந்திருக்கும் நாட்களைப் பார்த்துவிட்டுப் போங்கள். மாஸ் லேண்டிங்கின் ஜெட்டி சாலையோரம் காரை நிறுத்தினால், துறைமுக நீரில் மிதக்கும் நீர்நாய்களைக் கரையிலிருந்தே தொலைநோக்கியில் பார்க்கலாம்.

போகாமல் விட வேண்டிய நாள்

காலையிலேயே கொடிகள் படபடத்தால், மூடுபனியில் எதிர்க்கரை தெரியாவிட்டால், உங்கள் திரும்பும் நேரம் ஏறும் நீருக்கும் எதிர்காற்றுக்கும் நடுவே விழுந்தால், குழுவில் ஒருவருக்குக் காய்ச்சலோ தலைசுற்றலோ இருந்தால், பயணத்தைத் தள்ளிவையுங்கள். வழிகாட்டி வேண்டாம் என்று சொன்னால் பேரம் பேசாதீர்கள். நீர்நாய்கள் ஆண்டு முழுவதும் இங்கேதான் இருக்கின்றன. ஓத அட்டவணையில் அடுத்த நல்ல காலையைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.